கருவிக்குக் குறிப்பு எழுதுவது யார் வேலை?

தேர்வு முடிவு வெளியாகும் நாளன்று, 'சர்வர் வேலை செய்யவில்லை' என்று யாராவது அலுத்துக்கொள்வதைக் கேட்டிருப்பீர்கள். சர்வர் என்பதும் ஒரு கணிப்பொறிதான். உங்கள் பள்ளியிலுள்ள கணிப்பொறி தன் முன்னால் உட்கார்ந்திருக்கும் ஒருவருக்காக உழைக்கிறது. சர்வரோ எங்கோ ஓர் அறையில் இருந்துகொண்டு, தொலைவிலிருந்து கேட்கும் ஆயிரக்கணக்கானவர்களுக்கு விடை அனுப்புகிறது. பெரிய நிறுவனங்களில் இத்தகைய சர்வர்கள் நூற்றுக்கணக்கில் இருக்கும்.

ஒவ்வொரு சர்வருக்கும் சில ஏற்பாடுகளை முன்கூட்டியே செய்துவைக்க வேண்டும். எந்த எண்ணுள்ள போர்ட்டில் கேள்விகளை வாங்குவது (பாதுகாப்பான வலைத் தொடர்புக்கு வழக்கமாக 443), ஒரே நேரத்தில் எத்தனை பேரை ஏற்பது, பதில் வராவிட்டால் எத்தனை விநாடி பொறுப்பது, எவ்வளவு நினைவகம் ஒதுக்குவது என்றெல்லாம் முடிவு செய்ய வேண்டும். இவற்றைக் கான்ஃபிகரேஷன் என்பார்கள். நாம் அமைப்பு விவரம் என்று சொல்லிக்கொள்வோம். லினக்ஸ் இயங்கும் சர்வர்களில் இவை பெரும்பாலும் சாதாரண எழுத்துக் கோப்புகளாகவே இருக்கும். முந்நூறு சர்வர்களில் முந்நூறு கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்க யாருக்குப் பொறுமை உண்டு? எனவே சர்வரின் பெயரைக் கொடுத்தால் அதன் அமைப்பு விவரத்தை எடுத்துத் தரும் ஒரு சிறு நிரலை எழுதி வைத்துக்கொள்கிறார்கள். அகராதியில் சொல்லைத் தேடிப் பொருள் காண்பதைப் போன்ற வேலை.

இந்தக் கருவியோடு சேர்த்து எழுதவேண்டிய நாலைந்து வரிக் குறிப்பைப் பற்றித்தான் இம்மாதம் எழுத விரும்புகிறேன். 'நாலு வரிக்கு ஒரு கட்டுரையா?' என்று நீங்கள் கேட்கலாம். அந்த வரிகளைப் படிக்கப்போவது இப்போது மனிதர் அல்லர், இயந்திரம். குறிப்பு எழுதுவது கருவி செய்து முடித்தபின் ஒப்புக்குச் செய்யும் வேலை என்றே பலர் நினைக்கிறார்கள். கருவியின் பாதி அந்தக் குறிப்புத்தான் என்பது என் கருத்து. ஏன் என்று பார்ப்போம்.

செயற்கை நுண்ணறிவு முகவர் என்று ஒன்றைப் பற்றி இப்போது அதிகம் பேசுகிறார்கள். ஆங்கிலத்தில் ஏஜென்ட் என்பார்கள். இதன் நடுவில் இருப்பது மொழி மாதிரி எனப்படும் நிரல். அது எழுத்தை வாங்கிக்கொண்டு எழுத்தைத் தரும். தானாக ஒரு கோப்பைத் திறக்கவோ சர்வரைத் தொடவோ அதற்கு வழியில்லை. ஆகவே சில கருவிகளை அதன் கைக்கெட்டும்படி வைக்கிறோம். ஒவ்வொரு கருவிக்கும் ஒரு பெயர், அது எதற்குப் பயன்படும் என்னும் விளக்கம், அதற்கு எவற்றைக் கொடுக்கவேண்டும் என்னும் படிவம் ஆகிய மூன்றையும் எழுத்தாகவே அதன் முன் வைக்கிறோம். முகவர் இவற்றைப் படித்து, 'இன்ன கருவியை இன்ன விவரத்துடன் இயக்குக' என்று எழுதித் தருகிறது. வேறொரு நிரல் அதை உண்மையிலேயே இயக்கி, கிடைத்த விடையை மறுபடி எழுத்தாக முகவரிடம் கொடுக்கிறது. இந்தக் கொடுக்கல் வாங்கலுக்கு ஒரு பொதுவான முறை வேண்டுமல்லவா? 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் என்ற அமெரிக்க நிறுவனம் மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால் என்ற ஒன்றை வெளியிட்டது. இப்போது பல நிறுவனங்கள் அதைப் பயன்படுத்துகின்றன.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கருவிக்குள் இருக்கும் நிரலை முகவர் பொதுவாகப் பார்ப்பதில்லை. பெயரும் விளக்கமும் படிவமும்தான் அதற்குத் தெரிந்த கருவி. 'சர்வரின் அமைப்பைத் தரும்' என்று ஒரே வரி எழுதி வைத்தால், அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டுதான் அது முடிவுகளுக்கு வரவேண்டும்.

ஆய்வகத்தில் வெர்னியர் அளவியைக் கையில் எடுத்ததும் முதலில் என்ன செய்கிறோம்? மீச்சிற்றளவைக் கணக்கிடுகிறோம். சுழிப்பிழை உண்டா என்று பார்க்கிறோம். இவ்விரண்டையும் ஏட்டில் எழுதாமல் 2.34 என்று மட்டும் குறித்துக்கொண்டு வரும் மாணவனிடம் எந்த ஆசிரியரும் கேட்பது, '2.34 என்ன? சென்டிமீட்டரா, மில்லிமீட்டரா? திருத்தியதா, திருத்தாததா?' என்பதுதான். அளவீடு என்பது எண் மட்டுமன்று. அந்த எண்ணை எதுவரை நம்பலாம் என்பதும் அதில் அடங்கும். சர்வரின் அமைப்பைத் தேடித் தரும் கருவியும் ஓர் அளவுகருவியே. அதற்கும் அலகு உண்டு, மீச்சிற்றளவு உண்டு, சுழிப்பிழையும் உண்டு.

முதலில் அலகு. என்ஜின்எக்ஸ் என்பது பரவலாகப் பயன்படும் ஒரு சர்வர் நிரல். சும்மாயிருக்கும் ஓர் இணைப்பை எவ்வளவு நேரம் திறந்து வைப்பது என்பதை அதன் கோப்பில் வெறும் எண்ணாக எழுதினால், அது விநாடியைக் குறிக்கும். நோட் ஜேஎஸ் என்ற மற்றொன்றில் இதே போன்ற அமைப்புக்கு மில்லிவிநாடிதான் அலகு. அங்கே 5000 என்றிருந்தால் 5 விநாடி. அதையே விநாடி என்று எடுத்துக்கொண்டால் 83 நிமிடத்திற்கு மேல்! கருவி '5000' என்று மட்டும் விடை தந்தால் முகவர் எதை எடுத்துக்கொள்ளும்?

இதைவிட வேடிக்கையான ஒன்றைச் சொல்கிறேன். மில்லி என்பதற்குச் சிறிய எம், மெகா என்பதற்குப் பெரிய எம் என்று ஒன்பதாம் வகுப்பிலேயே படித்திருக்கிறீர்கள். பல சர்வர்களை ஒன்றாக மேய்க்கும் குபெர்னெட்டிஸ் என்ற நிரலும் இந்தக் குறியீடுகளை அப்படியே பின்பற்றுகிறது. நினைவகம் எவ்வளவு வேண்டும் என்ற இடத்தில் 400 என்று எழுதி, பெரிய எம்முக்குப் பதிலாகச் சிறிய எம்மைப் போட்டுவிட்டால் அதன் பொருள் 0.4 பைட். ஒரே ஓர் எழுத்தைச் சேமித்து வைக்கக்கூட அது போதாது. அந்த நிரலின் கையேட்டிலேயே இந்த எச்சரிக்கை இருக்கிறது. அப்படி எச்சரித்து எழுதியவரைப் பாராட்ட வேண்டும்.

அடுத்தது, கருவி எதை அளக்கிறது என்பது. இதுதான் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. என்ஜின்எக்ஸ் தன் கோப்பை எப்போதும் படித்துக்கொண்டே இருப்பதில்லை. தொடங்கும்போது ஒருமுறை படிக்கும். பிறகு 'மீண்டும் படி' என்று ஆணையிட்டால்தான் படிக்கும். காலையில் ஒருவர் கோப்பைத் திருத்தி, ஆணையிட மறந்துவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கோப்பில் 60 இருக்கும். ஓடிக்கொண்டிருக்கும் நிரலில் 30 இருக்கும். கோப்பைப் படிக்கும் கருவி 60 என்று சொல்லும். அது பொய்யன்று, ஆனால் கேட்டவர் அறிய விரும்பியது அதுவன்று. மின்தடையின் மேலுள்ள வண்ணப் பட்டைகளைப் பார்த்து 100 ஓம் என்று சொல்வதும், மீட்டரால் அளந்து 100 ஓம் என்று சொல்வதும் ஒன்றாகுமா? பல நிறுவனங்களில் கருவி சர்வரைக்கூடத் தொடுவதில்லை. முந்தைய இரவு எடுத்து வைத்த நகலைப் பார்த்தே விடை சொல்கிறது. அப்படியானால் அந்த நகலின் தேதியும் நேரமும் விடையோடு வரவேண்டாமா?

மூன்றாவது, வெற்று விடை. அம்மீட்டரின் முள் சுழியில் நிற்கிறது. மின்னோட்டம் இல்லை என்று எழுதிவிடலாமா? கம்பி அறுந்திருக்கலாம், உருகி எரிந்து போயிருக்கலாம், முள்ளே சிக்கிக்கொண்டிருக்கலாம். நம் கருவியும் வெற்றுத்தாளை நீட்டினால் அதற்குப் பல பொருள் உண்டு. அப்படி ஒரு சர்வரே இல்லாமலிருக்கலாம். சர்வர் இருந்தும் அந்த அமைப்பைக் குறிப்பிட்டு எழுதாததால், நிரல் தன் வழக்கமான மதிப்பையே எடுத்துக்கொண்டிருக்கலாம். பார்க்க அனுமதி இல்லாமலோ, இணைப்புக் கிடைக்காமலோ இருக்கலாம். இவற்றைப் பிரித்துச் சொல்லாத கருவி முகவரைத் தவறான வழியில் தள்ளிவிடும். 'அமைப்பு எதுவும் இல்லை, ஆகவே புதிதாக ஒன்று எழுதி வைக்கிறேன்' என்று அது கிளம்பினால் என்ன ஆகும்?

'சந்தேகம் வந்தால் அது நம்மைக் கேட்கட்டுமே' என்று சிலர் சொல்வார்கள். கேட்கும், ஆனால் சந்தேகம் எழுந்தால்தானே கேட்கும்? இணையத்தின் முன்னோடியான அர்ப்பாநெட்டில் கணிப்பொறிகளின் பெயரும் முகவரியும் ஒரே பட்டியலாக, அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிலையத்தில் இருந்தன. எலிசபெத் ஃபைன்லர் என்ற அம்மையாரின் அலுவலகம் அதைப் பராமரித்தது. அந்தக் காலத்தில் புதுக் கணிப்பொறியைப் பட்டியலில் சேர்க்க அலுவலக நேரத்தில் தொலைபேசியில் பேசுவார்கள். மறுமுனையில் ஓர் ஆள் இருந்தார். ஐயம் இருந்தால் குரலிலேயே தெரிந்துவிடும். பட்டியல் பெருத்துப் போனதால், 1983-இல் பால் மோக்கபெட்ரிஸ் பெயர்களைத் தேடித் தரும் டொமைன் பெயர் முறையை வகுத்தார். அன்றிலிருந்தே கேட்பதும் சொல்வதும் இயந்திரங்கள்தாம். ஆனால் அந்த இயந்திரங்கள் கிடைத்த விடையை வைத்து யோசனை செய்து காரியத்தில் இறங்குவதில்லை. இப்போது வந்திருக்கும் முகவர் இறங்குகிறது. வேறுபாடு அங்கேதான் இருக்கிறது.

எந்தச் சர்வரில் என்ன இருக்கிறது என்பது சரியாகத் தெரியாமல் காரியத்தில் இறங்கினால் விளைவது என்ன? முகவர்கள் வருவதற்கு முன்பே மனிதர்களால் நேர்ந்த ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன். நைட் கேப்பிட்டல் என்பது அமெரிக்காவில் பங்குகளை வாங்கி விற்ற ஒரு நிறுவனம். ஆணைகளைச் சந்தைக்கு அனுப்ப எட்டு சர்வர்களை வைத்திருந்தது. 2012 ஜூலை இறுதியில் அவற்றில் புதிய நிரலை ஏற்றினார்கள். ஏழில் ஏறியது, எட்டாவதில் விட்டுப்போயிற்று. இரண்டாவது ஆள் ஒருவர் சரிபார்க்க வேண்டும் என்ற எழுத்து விதி அங்கே இல்லை. புதிய நிரல் பழைய அடையாளக் குறி ஒன்றை வேறு பொருளில் பயன்படுத்தியது. 2003-லேயே கைவிடப்பட்ட 'பவர் பெக்' என்ற பகுதியை முன்பு முடுக்கிவிட்ட குறி அது. எட்டாவது சர்வரில் அந்தப் பழைய பகுதி அப்படியே கிடந்தது.

ஆகஸ்டு 1 காலை சந்தை திறந்தது. ஏழு சர்வர்கள் குறியைப் புதுப்பொருளில் எடுத்துக்கொண்டன. எட்டாவது பழைய பொருளில் எடுத்துக்கொண்டு, நிறுத்தமே இல்லாமல் ஆணைகளை அனுப்பத் தொடங்கிற்று. 212 ஆணைகளை நிறைவேற்றப் போய், சுமார் 45 நிமிடங்களில் 40 இலட்சம் முறை வாங்கலும் விற்றலும் நடந்துவிட்டன. இழப்பு 46 கோடி டாலருக்கு மேல்.

இதில் என்னை மிகவும் உறுத்தும் இடம் எது தெரியுமா? அந்த 45 நிமிடங்களுக்குள் நிறுவனத்தார் கோளாறைச் சரிசெய்ய முயன்றார்கள். புதிய நிரல்தான் காரணம் என்று கருதி, அது சரியாக ஏறியிருந்த ஏழு சர்வர்களிலிருந்தும் அதை எடுத்துவிட்டார்கள்! உடனே அந்த ஏழிலும் பழைய பகுதி விழித்துக்கொண்டது. நிலைமை இன்னும் மோசமாயிற்று. எட்டில் ஒன்று மட்டும் வேறு மாதிரி இருக்கிறது என்ற ஒரே ஒரு செய்தி அந்த நேரத்தில் அவர்கள் கையில் இல்லை. ஆனால் செய்தி அடியோடு வராமலும் இல்லை. சந்தை திறப்பதற்கு முன்பே 'பவர் பெக்' என்ற பெயரைக் குறிப்பிட்டு 97 மின்னஞ்சல்களைக் கணிப்பொறி அனுப்பியிருந்தது. அவை எச்சரிக்கையாக இருக்கவேண்டும் என்று யாரும் வகுத்து வைக்கவில்லை. எனவே யாரும் அவற்றை எச்சரிக்கையாகப் படிக்கவும் இல்லை. அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம் 2013 அக்டோபரில் வெளியிட்ட ஆணையில் இவ்வளவும் இருக்கிறது. 97 செய்திகள் வந்தும் குறிப்பு இல்லை என்றால் இப்படித்தான்.

நிற்க. 'முகவர் அறிவுள்ளது ஆயிற்றே, கருவியின் நிரலையே கொடுத்துவிட்டால் படித்துக்கொள்ளாதா? அல்லது குறிப்பை அதையே எழுதச் சொல்லலாமே?' என்ற கேள்வி வரும். நியாயமான கேள்விதான். நிரலைப் படித்தால் அது என்ன செய்கிறது என்று தெரியும். அலகையும் கண்டுபிடித்துவிடலாம். முகவர் எழுதித் தரும் முதல் வரைவு பல வேளைகளில் நன்றாகவே இருக்கும். அதை வாங்கித் திருத்துவதில் தவறில்லை. ஆனால் இந்தக் கோப்பு ஓடும் நிரலோடு பொருந்தாமல் போகும் நாள்கள் உண்டு என்பதோ, தஞ்சாவூர்க் கிளையின் சர்வர் மட்டும் பழைய பெயரில் பதிவாகியிருக்கிறது என்பதோ நிரலில் எங்கே எழுதியிருக்கும்? அவை கருவியைச் செய்தவருக்கும் அதனோடு பழகியவருக்கும் மட்டுமே தெரிந்தவை. அவர் எழுதாவிட்டால் வேறு யாரும் எழுத முடியாது.

இந்த நேர்மைக்கு ஒரு நல்ல முன்மாதிரி உண்டு. பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்ப்சனும் டென்னிஸ் ரிச்சியும் யூனிக்ஸ் இயக்க முறைக்கு முதல் கையேட்டை 1971 நவம்பர் 3-இல் வெளியிட்டார்கள். ஒவ்வொரு கட்டளைக்கும் பெயர், பயன்படுத்தும் விதம், விளக்கம் என்று வரிசையாகத் தலைப்புகள். அவற்றோடு 'பக்ஸ்', அதாவது குறைகள், என்று ஒரு தலைப்பு! இந்தக் கட்டளை எங்கே தவறும் என்பதைச் செய்தவரே எழுதிவைத்தார். கடையில் வாங்கும் எந்தப் பொருளின் உறையிலாவது இப்படி ஒரு தலைப்பைப் பார்த்திருக்கிறீர்களா? இன்றும் யூனிக்ஸ் வழிவந்த கையேடுகளில் அத்தலைப்பைக் காணலாம். முகவருக்காக எழுதும் குறிப்பிலும் அது வேண்டும் என்பேன்.

அதற்காகப் பக்கம் பக்கமாக எழுதிவிடவும் கூடாது. ஒரு மொழி மாதிரி ஒரே நேரத்தில் கணக்கில் கொள்ளக்கூடிய எழுத்துக்கு எல்லை உண்டு. முப்பது கருவிகளுக்கு முப்பது கதை சொன்னால் கேட்ட கேள்விக்கே இடம் குறைந்துவிடும். குறிப்பு எப்படி இருக்கலாம்? நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

'ஒரு சர்வரின் முழுப் பெயரைக் கொடுத்தால், அதன் அமைப்புக் கோப்பில் எழுதியிருப்பதைத் தரும். ஓடிக்கொண்டிருக்கும் நிரல் இப்போது எந்த மதிப்பைப் பயன்படுத்துகிறது என்பது இதற்குத் தெரியாது; அதற்கு நிலை அறியும் கருவியைப் பயன்படுத்துக. விவரம் ஒவ்வொரு நாளும் இரவு 2 மணிக்கு எடுத்த நகலிலிருந்து வருகிறது; நகலின் நேரம் விடையில் இருக்கும். கால அளவுகள் எல்லாம் விநாடியில். பெயர் பட்டியலில் இல்லை, அமைப்பு எழுதப்படவில்லை, பார்க்க அனுமதி இல்லை என்பவை தனித்தனி விடைகளாக வரும். கடவுச்சொற்கள் வாரா. இது எதையும் மாற்றாது.'

ஏழெட்டு வாக்கியம்தான். 'தெரியாது' என்ற சொல் அதில் இருப்பதைக் கவனியுங்கள்.

கடைசி இரண்டு வாக்கியங்களைப் பற்றி ஓர் எச்சரிக்கை. கடவுச்சொல் வாராது என்று எழுதினால் மட்டும் அது வராமல் இருந்துவிடாது. அமைப்புக் கோப்புகளில் கடவுச்சொற்களை எழுதிவைக்கும் கெட்ட பழக்கம் பல இடங்களில் உண்டு. கருவிதான் அவற்றை மறைத்துவிட்டு மிச்சத்தைத் தரவேண்டும். முகவரின் கைக்குப் போன எழுத்து பிறகு எந்தக் கடிதத்தில், எந்த அறிக்கையில் போய் உட்காரும் என்று சொல்ல முடியாது. 'எதையும் மாற்றாது' என்பதும் அப்படியே. மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகாலில் 'இது படிக்க மட்டுமே' என்று கருவியைக் குறித்துவைக்க ஓர் இடம் உண்டு. ஆனால் அது வெறும் குறிப்புத்தான், நம்பத்தக்க இடத்திலிருந்து வராவிட்டால் அதை நம்பாதே என்று அந்த விதிமுறையே கூறுகிறது. கதவில் 'உள்ளே வராதே' என்று எழுதுவது வேறு, பூட்டுவது வேறு. சர்வரில் அக்கருவிக்கு எழுதும் உரிமையே கொடுக்காமல் இருப்பதுதான் பூட்டு.

எழுதிய குறிப்பு சரியா என்று எப்படி அறிவது? அளவுகருவியை என்ன செய்வோமோ அதையே செய்யலாம். விடை நமக்கு முன்பே தெரிந்த இருபது கேள்விகளை முகவரிடம் கொடுத்துப் பார்க்க வேண்டும். கோப்பும் ஓடும் நிரலும் வேறுபடும் சர்வர் ஒன்றையும், இல்லாத சர்வர் ஒன்றையும் வேண்டுமென்றே அவற்றில் சேர்க்க வேண்டும். பிறகு குறிப்பில் ஒரு வாக்கியத்தை மட்டும் மாற்றி மீண்டும் கேட்க வேண்டும். மற்றவற்றை மாறாமல் வைத்து ஒன்றை மட்டும் மாற்றுவது நமக்குப் பழக்கமானதுதானே? ஓம் விதியை அப்படித்தான் சரிபார்க்கிறோம்.

இவ்வளவும் சொல்லிவிட்டு நம் பாடத்திட்டத்தைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்புக் கணிப்பொறிச் செய்முறைத் தேர்வில் நிரல் ஓடினால் போதும். விடை சரியாக வந்தால் மதிப்பெண். அந்த நிரலை மற்றவர் எப்படிப் பயன்படுத்துவது என்று நான்கு வரி எழுதச் சொல்லி நான் பார்த்ததில்லை. 'எழுத்து வேலை தமிழ், ஆங்கிலப் பாடங்களுக்கு. நமக்கு நிரல்' என்று மாணவர்களும் பாகம் பிரித்துக்கொண்டிருக்கிறார்கள். அந்தப் பிரிவினை எனக்கு உடன்பாடு இல்லை.

ஆசிரியர்கள் இந்த ஆண்டே ஒரு சோதனையைச் செய்து பார்க்கலாம். செலவு எதுவும் இல்லை. ஒரு மாணவி ஒரு சிறு நிரலை எழுதட்டும். பள்ளி நூலகத்தில் புத்தகத்தின் பெயரைக் கொடுத்தால் அது எந்த அலமாரியில் என்று சொல்லும் நிரல் என்று வைத்துக்கொள்வோம். அதோடு எட்டு வரிக்கு மிகாமல் ஒரு குறிப்பும் எழுதட்டும். அடுத்த வகுப்பு மாணவன் ஒருவன் அந்தக் குறிப்பை மட்டும் வைத்துக்கொண்டு ஐந்து புத்தகங்களைத் தேடி எடுத்துவர வேண்டும். எழுதியவள் அவனிடம் ஒரு வார்த்தையும் பேசக்கூடாது. ஐந்தில் ஒன்று யாரோ இரவல் வாங்கிப்போன புத்தகமாக இருக்கட்டும். இன்னொன்று நூலகத்தில் இல்லவே இல்லாததாக இருக்கட்டும். அவன் வெறுங்கையோடு திரும்பும்போது, எது இரவல் போனது, எது இல்லாதது என்று பிரித்துச் சொல்கிறானா என்று பாருங்கள். பத்து மதிப்பெண்ணில் நிரலுக்கு ஆறு, குறிப்புக்கு நான்கு என்று வைக்கலாம். ஐந்துக்கு ஐந்து என்று வைத்தாலும் எனக்கு மறுப்பில்லை.